வெளுத்துப்போன கார் சீட் தோலை வீட்டிலேயே சீராக்குவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. கார் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சீட்டுகள் மணல் நிறத் தோலால் ஆனவை. ஓட்டுநர் சீட்டின் வலப்புற விளிம்பில் நிறம் போய்ச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. மெல்லிய வெடிப்புகளும் விழுந்திருக்கின்றன. ஸ்டீயரிங் வழவழப்பாகிப் பளபளக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடி இரண்டு ஆண்டுகளாக அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தடவி வந்திருக்கிறார், பலனில்லை. கடைக்காரரோ மேலுறை போட்டு மறைத்துவிடச் சொல்கிறார். எந்த எண்ணெய், எந்தக் கிரீம் தடவினால் பழைய தோற்றம் திரும்பும் என்பதே அவர் கேட்பது.

எந்த எண்ணெயும், எந்தக் கிரீமும் அதைத் திருப்பித் தராது. காரணம் எளிது: உங்கள் சீட்டில் தேய்ந்திருப்பது தோல் அன்று, தோலின் மேல் இருந்த வண்ணப்பூச்சு. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் ஃபினிஷிங் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். இந்த ஒரு செய்தியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கார் சீட்டுக்கு வரும் மாட்டுத்தோல், மிகச் சில விலையுயர்ந்த வண்டிகள் நீங்கலாக, சுவருக்கு வண்ணம் அடிப்பதுபோல் மேலே வண்ணம் பூசப்பட்ட தோலே ஆகும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனுள்ள தோலின் மீது, முதலில் பிடிமானத்துக்கு ஒரு பூச்சு, அதன் மேல் நிறமி கலந்த வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற பாலியூரித்தேன் காப்புப் பூச்சு என்று அடுக்குகள் இருக்கும். இந்த அடுக்குகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நீங்கள் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் வலப்புற விளிம்பில் இடுப்பும் தொடையும் உரசுவதால், காப்புப் பூச்சு முதலிலும் வண்ணம் பிறகும் தேய்ந்து, அடியிலிருக்கும் சாம்பல் நிறத் தோல் வெளியே தெரிகிறது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் எண்ணெய் தடவி எப்படி வெள்ளையடிக்க முடியாதோ, அப்படித்தான் இதுவும்.

எண்ணெய் தோலுக்கு நல்லது என்ற நம்பிக்கை ஒன்றும் ஆதாரமற்றது அன்று. அது வேறொரு வகைத் தோலுக்குப் பொருந்தும். நம் பகுதியில் பழங்காலத்திலிருந்தே ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டு வந்தார்கள். அத்தகைய தாவரப் பதனத் தோல் மேற்பூச்சு அதிகமில்லாமல் இருப்பதால் எண்ணெயையும் மெழுகையும் உறிஞ்சிக்கொள்ளும். காலப்போக்கில் நிறம் ஆழ்ந்து அழகும் கூடும். புதுச்சேரியில் 1978இல் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனத்தின் பைகளை வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். பைக்கு வாங்கிய கிரீமையே காருக்கும் தடவுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். கார் சீட்டோ பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிட்டு மேலே பூச்சு மூடிய தோல் என்பதால், தடவிய கிரீம் உள்ளே போக வழியின்றி மேலேயே தங்கும்; வெடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் ஒழுங்கற்று இறங்கித் திட்டுத்திட்டாகக் கறுக்கும். தேங்காய் எண்ணெய் மேற்பூச்சில் பிசுக்காகப் படிந்து தூசியைப் பிடித்து வைக்கிறது. அந்தத் தூசியே அடுத்த முறை நீங்கள் உட்காரும்போது உப்புத்தாளாக வேலை செய்கிறது. நாள்பட்டால் சிக்கு நாற்றம் அடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் அது விருந்து. இரண்டு ஆண்டுகள் தடவிவிட்டீர்கள் என்பதற்காகக் கலங்க வேண்டாம், சுத்தம் செய்யும் வேலை ஒரு நாள் கூடும், அவ்வளவுதான்.

வேலையில் இறங்கும் முன்பு, உங்கள் சீட் உண்மையிலேயே தோல்தானா என்று பார்த்துவிடுங்கள். நம் சந்தையில் தோல் சீட் என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பகுதி ரெக்சின்தான். தோல் என்று நிறுவனமே எழுதித் தந்த வண்டிகளிலும் பல சமயம் உடல் படும் நடுப்பகுதி மட்டுமே தோலாகவும், பக்கவாட்டும் முதுகின் பின்புறமும் செயற்கைப் பொருளாகவும் இருப்பதுண்டு. வாசனையை நம்பாதீர்கள், அதைச் செயற்கையாகவும் சேர்க்கிறார்கள். தலைச்சாய்வின் அடியிலோ சீட்டின் கீழ்ப்புறத்திலோ வெட்டுமுனை தெரியும் இடத்தைத் தேடிப் பின்பக்கத்தைப் பாருங்கள்: நார் நாராக, மென்மயிர் போல இருந்தால் தோல், நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிந்தால் ரெக்சின். இன்னொரு அடையாளமும் உண்டு. பூசிய தோல் தேயும், வெடிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் ஏடாகச் செதில் செதிலாக உரிந்து துணி தெரிந்தால் அது தோலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாலியூரித்தேன் ரெக்சின் காற்றின் ஈரத்தால் வேதியியல் முறையில் சிதையக்கூடியது. கடலோரமாகிய நம் ஊர்களில் அது சீக்கிரமே உரியத் தொடங்குவதற்கு இதுவே காரணம். அப்படி உரியும் சீட்டுக்கு வண்ணம் பூசிப் பணத்தையும் நேரத்தையும் வீணாக்காதீர்கள். சீட் தைப்பவரிடம் கொடுத்து அந்தப் பகுதியை மாற்றுவதே வழி. உங்கள் சீட்டில் நிறம் தேய்ந்து சாம்பல் நார் தெரிகிறது என்று எழுதியிருப்பதால் அது தோல் என்றே எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். வீட்டில் பயன்படுத்த ஏற்ற வண்ணங்கள் தண்ணீரில் கரையும் வகையைச் சேர்ந்தவை. அவை காய்வதற்குக் காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதைத் தொடாதீர்கள். நானே ஒரு நவம்பரில், அவசரப்பட்டு, என் வண்டியின் கைத்தாங்கிக்குப் பூசிவிட்டு மூன்று நாள் கழித்தும் விரல் ஒட்டக் கண்டு, மொத்தத்தையும் துடைத்தெடுத்தவன். அக்கினி நட்சத்திர வெயிலும் ஆகாது. பஞ்சை எடுப்பதற்குள் வண்ணம் காய்ந்து கோடு விழும். தை முதல் பங்குனி வரை, காலை ஏழு மணிக்குத் தொடங்கி, கடற்காற்று ஏறும் முன்பு நிழலில் வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைத்துச் செய்வது உத்தமம்.

இனி சுத்தம் செய்வது. என் கணிப்பில் வேலையின் பாதி இதுதான். பத்தில் மூன்று சீட்டுகள் இதோடு நின்றுவிடவும் கூடும், ஏனெனில் நிறம் போய்விட்டது என்று நாம் நினைப்பது பல இடங்களில் வியர்வையும் தூசியும் சேர்ந்த படலமாகவே இருக்கும். முதலில் மென்மையான தூரிகை பொருத்திய வேக்குவம் கொண்டு தையல் இடுக்குகளில் உள்ள மணலை எடுத்துவிடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வரும் குடும்பமென்றால் அங்கே ஒரு கைப்பிடி மணல் கிடைக்கும். பிறகு தோலுக்கென்றே விற்கும் சுத்திகரிப்பு நீரைத் தூரிகையில் நுரையாக எடுத்து, உள்ளங்கை அளவு இடமாக, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, நுரை அழுக்கைத் தூக்கியவுடன் ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். குளியல் சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம், சமையல் சோடா ஆகியவை வேண்டாம். குரோம் தோல் இயல்பில் அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 4ஐ ஒட்டியிருக்கும். சோப்பு 9, 10 என்ற காரப் பக்கத்தில் இருப்பது. ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்றாலும், திரும்பத் திரும்பப் பட்டால், குறிப்பாகப் பூச்சு இழந்த இடத்தில் தோல் விறைக்கும். துளையிட்ட சீட்டாக இருந்தால் நீரை நேரே ஊற்றாமல் துணியில் எடுத்துக்கொள்ளுங்கள். துளை வழியே உள்ளே இறங்கும் ஈரம் ஸ்பாஞ்சில் தங்கி நாற்றமெடுக்கும், காற்றோட்ட விசிறி உள்ள சீட்டில் அதையும் கெடுக்கும்.

உங்கள் சீட்டில் எண்ணெய் இறங்கியிருப்பதால் இன்னும் ஒரு படி உண்டு. சுத்தமான பருத்தித் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சிறிது நனைத்து, வண்ணம் பூசப்போகும் இடத்தை மட்டும் துடையுங்கள். துணியில் மஞ்சள் பிசுக்கு வரும். அது வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். துடைக்கும்போது நிறமும் கொஞ்சம் துணியில் ஏறும், பயப்பட வேண்டாம், அங்கே எப்படியும் புதிதாகப் பூசப்போகிறோம். இதே காரணத்தால்தான் கொரோனா காலத்தில் கைக்கு விட்ட சானிடைசரைச் சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் தடவியவர்களின் வண்டிகளில் பூச்சு பாழானது. ஆல்கஹால் பூச்சைக் கரைப்பதை நாம் வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்திக்கொள்கிறோம். பிசுக்கு மிஞ்சியிருந்தால் அதன் மேல் பூசும் வண்ணம் ஆறு மாதத்தில் ஏடாக எழும்பிவிடும். வீட்டில் செய்த வேலை நிற்கவில்லை என்று சொல்கிறவர்களை விசாரித்தால் பெரும்பாலும் தவறியது இந்த இடத்தில்தான்.

முழுதும் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் சீட்டை மறுபடி பாருங்கள். தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: முத்துப்போல் நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது, சில விநாடிகளில் கறுத்து உள்வாங்கினால் அங்கே பூச்சு இல்லை. தண்ணீரை உறிஞ்சும் பரப்பு எதுவரை போகிறது என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு பூச வேண்டும் என்ற கணக்கும் கிடைத்துவிடும்.

அடுத்தது தேய்ப்பும் அடைப்பும். டிங்கரிங் பட்டறையில் பட்டி வைத்துத் தேய்த்து வண்ணம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. பொருள் மட்டுமே வேறு. சொரசொரத்த நார்களையும் வெடிப்பின் எழும்பிய ஓரங்களையும் முதலில் 600, பிறகு 1000 எண் வாட்டர் பேப்பர் என்ற நுண்ணிய உப்புத்தாளால், காய்ந்த நிலையில், இலேசாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். தோலின் இயற்கை வரிகள் மறையும்வரை தேய்த்துவிடக் கூடாது; வரி போனால் பிறகு வண்ணம் ஏறினாலும் அந்த இடம் பிளாஸ்டிக்போலத் தெரியும். நகம் மாட்டாத மெல்லிய வெடிப்புகளை அப்படியே விட்டுவிடலாம், வண்ணமே பாதியை மூடிவிடும். நகம் மாட்டும் வெடிப்புக்குத் தோலுக்கான நெகிழும் அடைப்புப் பசை வேண்டும். காரின் உடலுக்கு வைக்கும் பட்டியை இங்கே வைத்தால் முதல் தடவை உட்காரும்போதே நொறுங்கும். பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் பசையை வெடிப்புக்குள் அழுத்தி, மேலே நிற்பதை வழித்தெடுத்து, காய்ந்த பின் சுருங்கிய இடத்தில் இன்னொரு முறை இட வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக அப்பிவிடும் ஆசைக்கு இடங்கொடுத்தால் அந்தக் கட்டி என்றென்றைக்கும் கண்ணில் உறுத்தும். ஓட்டையே விழுந்திருந்தால் அடியில் மெல்லிய துணித்துண்டை நுழைத்து, நெகிழும் பசையால் தோலின் ஓரங்களை அதன்மேல் ஒட்டிவிட்டுப் பிறகே அடைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முன் சீட்டின் வெளிப்புற ஓரத்தில் ஏர்பேக் என்ற சிறு முத்திரையைக் கண்டால், அந்தப் பக்கத் தையலை எக்காரணம் கொண்டும் ஒட்டவோ, மறுபடி தைக்கவோ, கெட்டியான அடைப்பால் மூடவோ கூடாது. விபத்தின்போது அந்தத் தையல் கிழிந்துதான் காற்றுப்பை வெளிவர வேண்டும். வேலை வசதிக்காகச் சீட்டைக் கழற்ற நினைப்பவர்கள் அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்பைத் தொடாமல் அந்த எண்ணத்தையே கைவிடுவது நல்லது. கடைக்காரர் சொன்ன மேலுறையையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்: பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள சீட்டை முழுவதும் மூடும் உறை அதன் வழியை அடைக்கக்கூடும். அதுவும் இல்லாத வண்டி என்றாலும், உறைக்கும் தோலுக்கும் நடுவே ஈரம் தங்கிப் பூஞ்சை வளர்ந்ததை இந்தக் கடலோரத்தில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

வண்ணத்தைப் பொருத்துவது தான் பலரைத் தயங்க வைக்கிறது. சீட்டின் அடியில் மடித்துத் தைத்த இடத்திலிருந்து நகம் அளவு துண்டு கிடைத்தால் அதை மாதிரியாக அனுப்பி வண்ணம் கலந்து வாங்கலாம். கிடைக்காவிட்டால் தலைச்சாய்வின் பின்புறத்தைச் சுத்தம் செய்துவிட்டு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அதிகம் படாத இடம் அதுதான். தண்ணீர் வண்ணம் ஈரமாக இருக்கும்போது வெளிறியும் காய்ந்ததும் சற்று ஆழ்ந்தும் தெரியும் என்பதால், ஒரு பொட்டு வைத்து ஹேர் டிரையரால் காய்த்த பிறகே ஒப்பிட வேண்டும். மணல் நிறத்தில் மஞ்சளும் பழுப்பும் துளி கூடினாலே தெரிந்துவிடும். எனவே கலப்பதாயிருந்தால் வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைத் துளித்துளியாகச் சேருங்கள், மறுபுறமாகச் செய்தால் வாளி நிறைய வண்ணம் கலந்தும் முடியாது. ஓட்டுநர் சீட் ஒன்றுக்கு 250 மில்லிலிட்டர் வாங்கினால் மீதமும் இருக்கும்.

பூசும்போது தையல் நூலைக் கவனியுங்கள். ஆலையில் தோலுக்கு வண்ணம் ஏற்றிய பிறகே வெட்டித் தைக்கிறார்கள், ஆகவே நூலுக்குத் தனி நிறம் உண்டு. நாமோ தைத்த பிறகு பூசுகிறோம். வெள்ளை நூல் தையலில் வண்ணம் ஏறிவிட்டால் வீட்டில் செய்த வேலை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். நூலின் இருபுறமும் சிறு தூரிகையால் பூசிவிட்டு, மற்ற இடத்துக்குப் பஞ்சைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் பாகங்களையும் சீட் பெல்ட்டையும் டேப்பும் தாளும் கொண்டு மூடிவிடுங்கள். முதல் பூச்சில் பஞ்சை ஓரளவு அழுத்தி வண்ணத்தை வரிகளுக்குள் ஏற்றலாம். அடுத்தடுத்த பூச்சுகளை மிக மெல்லியதாக, ஒற்றி ஒற்றி இட்டால் கோடு விழாது. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. முதல் பூச்சு முடிந்ததும் சீட் முன்பைவிட அசிங்கமாகத் தெரியும். என் மனைவி இந்தக் கட்டத்தில்தான் எப்போதும் எட்டிப் பார்ப்பார். மூன்றாவது பூச்சில் பரப்பு ஒன்றாகிவிடும், வெளிர் நிறத்துக்கு ஐந்து வரை தேவைப்படலாம். பூச்சு முடியும் எல்லையைச் சீட்டின் நட்டநடுவில் நிறுத்தாமல் ஏதேனும் ஒரு தையல் வரை கொண்டுபோய் நிறுத்துங்கள், பழையதும் புதியதும் சேரும் இடம் கண்ணுக்குப் படாது.

காப்புப் பூச்சை விட்டுவிடுபவர்கள் பலர். வண்ணம் பார்க்க அழகாக இருப்பதால் வேலை முடிந்ததென்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் உராய்வைத் தாங்குவது அதுதான். மங்கல் வகையை வாங்குங்கள், ஏனெனில் ஆலையிலிருந்து வரும் கார் தோல் பளபளப்பதில்லை. இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள் இட்டு, ஒரு நாள் உட்காராமலும், ஒரு வாரம் ஈரத்துணியோ சுத்திகரிப்பு நீரோ படாமலும் விட்டுவிடுங்கள்.

ஸ்டீயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீட் ரெக்சினாக இருக்கும் வண்டிகள் பலவற்றிலும் ஸ்டீயரிங்கில் உண்மைத் தோலே சுற்றியிருப்பார்கள். அதன் பளபளப்பு தேய்மானத்தைவிடக் கையழுக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். சுத்திகரிப்பு நுரையும் தூரிகையுமாக நான்கைந்து முறை தேய்த்துத் துடைத்தால் துணி தேநீர் நிறமாகும், ஸ்டீயரிங் மங்கலாகிப் பிடிப்பும் திரும்பும். நடுவிலுள்ள காற்றுப்பை மூடியின் இடுக்கில் நீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் கலந்த பாலிஷ் எதையும் ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் தடவக் கூடாது, வழுக்கும். பூச்சே போயிருந்தால் வண்ணத்துடன் கெட்டிப்படுத்தும் துணைத்திரவமும் சேர்த்துப் பூச வேண்டியிருக்கும். அப்படியும் நாள் முழுதும் வியர்த்த கை படும் இடம் என்பதால் சீட் அளவுக்கு உழைக்காது. புதிய தோல் வாங்கிக் கையால் சுற்றித் தைத்துக்கொள்வதே அங்கே மேல்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது தண்ணீர் புகுந்த வண்டிகள் பல பிறகும் பூஞ்சையோடு ஓடின. அத்தகைய வண்டியில் வண்ண வேலை தொடங்கும் முன், வெளியே நிறுத்தி, முகக்கவசம் அணிந்து பூஞ்சையைத் துணியால் ஒற்றி எடுத்து, ஸ்பாஞ்சும் தரைவிரிப்பும் உள்ளிருந்து காய்ந்துவிட்டனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடியில் ஈரம் இருக்க மேலே பூசினால் பூச்சு கொப்பளிக்கும்.

இத்தனை வேலை எதற்கு, அதே நிறத்தில் ஷூ பாலிஷ் போட்டால் ஆகாதா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய வண்டியின் பழுப்புச் சீட்டில் நானே அதைச் செய்தேன். ஆலையில் வேலை பார்த்தவனின் சோம்பேறித்தனம் என்றே சொல்ல வேண்டும். மறுநாள் வில்லியனூரில் ஒரு திருமணத்துக்கு அதே வண்டியில் வந்த என் மைத்துனர், பட்டு வேட்டியின் பின்பக்கம் முழுக்கப் பழுப்புத் திட்டோடு பந்தியில் உட்கார்ந்தார். அதனால், பூசி ஒரு வாரம் கழித்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் விளிம்பை அழுத்தி இருபது முறை தேய்த்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் பட்டு வேட்டியோடும் உட்காரலாம்; நிறம் ஒட்டினால் இன்னொரு காப்புப் பூச்சு இட்டு, மேலும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.